24 குழிகள்

மாலை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் வகுப்பில் பாடம் நின்றுவிடும். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போய், ஜன்னலோரம் இருக்கும் மரக்கட்டையில் பென்சிலைச் செருகிவிட்டு வந்து உட்காருவார்கள். இரண்டடி நீளக் கட்டை. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை, மொத்தம் 24 குழி. அந்த வாரம் பொறுப்பில் இருக்கும் பிள்ளை கட்டைக்கு முன்னால் போய் நிற்கும். எண்ண வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். ஒரு குழி காலியாக இருந்தால் பல் விழுந்த வாய் மாதிரி அது மட்டும் தனியாகத் தெரியும். "டீச்சர், ஒண்ணக் காணோம்" என்று குரல் வரும். உடனே எல்லோரும் குனிந்து காலடியைத் தேடுவார்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்த பாய்க்கு அடியில் உருண்டு கிடக்கும்.

போன மாதப் பயிற்சிக் கூட்டத்தில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்டார்: "பாடம் நடத்துறதுகூட சமாளிச்சிடலாம்க்கா. இந்தப் பென்சில், ரப்பர் பஞ்சாயத்துதான் தாங்கல. நீங்க என்ன பண்றீங்க?" அவருக்கு அரை மணி நேரம் சொன்னேன். பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது சாத்தூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், ஒரே அறையில், 23 பேர். பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிறவர்கள். பிள்ளை எழுந்து முகம் கழுவும் முன்பே ஆலை வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். "எம்மா, பென்சில் தீந்துபோச்சு" என்று காலையில் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. ராத்திரி நினைவு வந்து சொன்னால் பெட்டிக்கடை பூட்டியிருக்கும்.

அரசு நிறையவே தருகிறது. புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் வந்துவிடும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு க்ரையான், மூன்றிலிருந்து ஐந்து வரை கலர் பென்சில். ஆனால் தினமும் எழுதுகிற கறுப்புப் பென்சில் அந்தப் பட்டியலில் கிடையாது. ரப்பரும் ஷார்ப்னரும் கிடையாது. எங்கள் வகுப்புச் சண்டைகளில் பத்துக்கு எட்டு இந்த மூன்றைச் சுற்றித்தான் நடக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2006. அடுத்த வருடமே, பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை எங்கள் பக்கம் வந்துவிட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதற்கு மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் இருக்கும் ரிஷிவேலி பள்ளி. அட்டைகளையும் தட்டுகளையும் நினைவிருக்கிறதா? சுவரோரம் அலமாரி, அதில் பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு படம். அதே படம் அட்டையின் மூலையிலும் இருக்கும். எழுத்தே தெரியாத பிள்ளை எழுந்து போய், பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் தன் படியைப் பார்த்து, தன் அட்டையை எடுத்து வந்து, முடித்ததும் அதே தட்டில் வைத்துவிடும். அதைப் பற்றி ஆயிரம் குறை சொன்னார்கள், சிலவற்றை நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு பொருளுக்கு ஓர் இடம் இருந்தால், அந்த இடத்தில் அந்தப் பொருளின் படமும் இருந்தால், ஐந்து வயதுப் பிள்ளை அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும் என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அப்போது அது அட்டைக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன். பென்சிலுக்கும் அதே வழி போதும் என்று எனக்குத் தோன்றப் பல வருடம் ஆனது.

அதற்கு முன் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு பெயின்ட் வாளி வைத்தேன். எல்லோருடைய பென்சிலும் ரப்பரும் அதில்தான். எல்லாம் பொது, யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம் என்றேன். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் வாளியின் அடியில் உடைந்த முனையும் கடித்த கட்டையும்தான் கிடந்தன. நல்ல பென்சிலை எடுக்க முதல் ஆளாக ஓடுகிற பிள்ளைக்கு நல்லது கிடைத்தது. மெதுவாக எழுந்து வருகிற பிள்ளைக்குக் கட்டை கிடைத்தது. ஓடுகிறவர்கள் தினமும் அதே ஐந்தாறு பேர்தான்.

சரி என்று வாளியை எடுத்துவிட்டு, அவரவர் பொருள் அவரவர் பையில் என்று விட்டேன். 2011-இல் ஒரு நாள் வகுப்பில் இருந்த ஒரே நல்ல ஷார்ப்னர் காணாமல் போனது. பாதிப் பாடத்தில் நிறுத்தி எல்லோரையும் நிற்க வைத்து ஒவ்வொரு பையாகத் திறந்து கொட்டிப் பார்த்தேன். ஷார்ப்னர் கிடைக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் நான்கு பென்சில் கட்டைகள், ஒரு பாதி ரப்பர். ஒரு பையன் "ஏய், அது என் ரப்பர்" என்றான். பின்னால் இருந்து யாரோ "களவாணி" என்றார்கள். நான் அந்தக் குரலை அதட்டினேன். ஆனால் அந்தத் தீப்பெட்டியை என் மேசையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், அது எல்லாம் கூட்டுற குப்பையில கெடந்ததாம். அதுக்குக் கீழ ரெண்டு இருக்கு, அதுகளுக்கு வீட்ல எழுதிக் குடுக்க எடுத்து வச்சிருக்கு" என்றார். அன்றைக்கு வகுப்பைக் கூட்டும் முறை அவளுடையதுதான். ஷார்ப்னர் நான்கு நாள் கழித்து அலமாரிக்குப் பின்னால் இருந்து கிடைத்தது.

அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பிள்ளையின் பையையும் நான் திறந்ததில்லை. எதுவும் தொலையலாம். தொலைந்ததைத் தேடுகிறேன் என்று ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்திவிடக் கூடாது. பொருள்களை எப்படி வைப்பது என்று நான் யோசித்ததெல்லாம் அந்த நாளுக்குப் பிறகுதான்.

கட்டை யோசனை என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா சாத்தூரில் நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். காராச்சேவுக்கு முன்னால் சாத்தூருக்குப் பேனா நிப்புதான் பேர் வாங்கித் தந்தது என்று அவர் சொல்வார். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது. நிப்புக்கு குரோஸ் கணக்கு, 144. அம்மா தரையில் பன்னிரண்டு பன்னிரண்டாக வரிசை பரப்புவார். ஒன்று குறைந்தாலும் வாயால் எண்ணாமலே விரல் போய் அந்த ஓட்டையில் நிற்கும். ஒரு நாள் ராத்திரி பென்சில் தொல்லையை அவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். "எண்ணாத. பரப்பி வையி. கொறஞ்சது தானாத் தெரியும்" என்றார்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாத்தா ஆசாரி. அவரிடம் போய்ச் சொன்னேன். வேப்பஞ்சட்டத் துண்டு ஒன்றில் துளை போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. முதலில் எட்டு மில்லி பிட்டில் போட்டார். புதுப் பென்சில் கச்சிதமாக நின்றது. ஐப்பசி மழையில் கட்டை ஊதிக்கொள்ள, பென்சிலை இழுத்தால் வரவில்லை. ஒரு பிள்ளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பின்னால் விழுந்தது. திரும்ப எடுத்துப் போய்ப் பத்து மில்லிக்குப் பெரிதாக்கினோம். யாராவது செய்வதாக இருந்தால் நேராகப் பத்திலேயே போடுங்கள். ஆழம் மூன்று விரல் அளவு போதும். கூர் கீழ்ப்பக்கம்தான் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் குனிகிற உயரம் அது. தொப்பென்று போட்டால் முனை ஒடியும் என்பதால் ஒவ்வொரு குழிக்குள்ளும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு வட்டத்தைப் போட்டிருக்கிறோம்.

பிள்ளைகள் 23. இருபத்து நான்காவது குழி என்னுடைய பென்சிலுக்கு. நானும் மாலையில் எழுந்து போய்ச் செருகுவேன். நான் மறந்து கொண்டையில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளும் உண்டு, அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

கட்டைக்குப் பக்கத்தில் இரண்டு டப்பா. ஒன்றின் பெயர் ஆஸ்பத்திரி. பெயர் வைத்தது பிள்ளைகள். முனை ஒடிந்த பென்சிலை அதில் போட்டுவிட்டு, அங்கேயே கட்டி வைத்திருக்கும் ஐந்து உபரிப் பென்சிலில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பாடத்துக்கு நடுவில் ஷார்ப்னர் தேடி யாரும் எழுந்து போவதில்லை. காலையில் கடவுள் வாழ்த்துக்கு முன்பே பொறுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிப் பென்சில்களைச் சீவி வைத்துவிடுவார்கள். ஷார்ப்னர் ஒன்றுதான், அது டப்பாவோடு நூலில் கட்டியிருக்கிறது. சீவல் துருவல் வீணாவதில்லை. சார்ட்டில் ஒட்டிப் பூவும் பாவாடையும் செய்கிறார்கள்.

இன்னொரு டப்பாவில் கட்டைப் பென்சில்கள். சுண்டுவிரலுக்குக் கீழே போன பென்சில் எல்லாம் அதில் சேரும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம். பதிவும் கிடையாது. அந்த டப்பாவை நான் வாசல் பக்கம், என் மேசைக்கு முதுகு காட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். எடுக்கிற பிள்ளையை நான் பார்க்கக் கூடாது. அந்தத் தீப்பெட்டியை நினைத்துத்தான் அதை வைத்தேன்.

பென்சில் வாங்குகிற காசு எங்கிருந்து என்று கேட்பீர்கள். பத்துப் பென்சில் பெட்டி வாங்கினால் ஒரு ரப்பரும் ஒரு ஷார்ப்னரும் கூடவே வரும். ஜூனில் ஐந்து பெட்டி வாங்கினால் வருடத்தின் முக்கால்வாசி ஓடிவிடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அம்மா, "நாங்க ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கித் தாரோம் டீச்சர், தனித்தனியா வாங்கித் தொலைக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். இப்போது வருடா வருடம் நான்கைந்து பேர் வாங்கித் தருகிறார்கள். வாங்கித் தந்தவர் யாரென்று பெட்டியில் எழுதுவதில்லை.

இதுவரை எல்லாம் பொதுவாக இருப்பதைப் பற்றியே சொன்னேன். ஆனால் எல்லாவற்றையும் பொதுவில் போடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசு தரும் க்ரையான் பெட்டியை நானும் ஒருமுறை பிரித்துச் சிவப்பெல்லாம் ஒரு டம்ளர், பச்சையெல்லாம் ஒரு டம்ளர் என்று அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. பார்வைக்கு வந்த அதிகாரி பாராட்டி படம் எடுத்துக்கொண்டார். ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் மட்டும் காலிப் பெட்டியைப் பையிலேயே வைத்திருந்து, அவ்வப்போது எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான்கு அண்ணன் அக்காக்கள் போட்டுக் கழித்த துணியிலும் பையிலும் வளர்ந்த பிள்ளை. அவளுக்கென்று பிரிக்காத உறையோடு புதிதாக வந்த முதல் பொருள் அந்தக் க்ரையான் பெட்டிதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே டம்ளர்களைக் கலைத்து எல்லாப் பெட்டியையும் நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அது அவரவர் சொத்து. வீட்டுக்குக் கொண்டு போனாலும் சரி, சுவரில் கிறுக்கினாலும் சரி, ஒரே வாரத்தில் தேய்த்துத் தீர்த்தாலும் சரி. தீர்ந்தவர்களுக்கு வகுப்பில் ஒரு பொதுப் பெட்டி தனியாக இருக்கிறது. அதில் உடைந்த துண்டுகள்தான், ஆனால் எல்லா நிறமும் உண்டு.

வெள்ளை க்ரையான் மட்டும் எல்லோரிடமும் மிஞ்சும். அதை வாங்கிச் சேர்த்து வைத்து, வெள்ளைத்தாளில் வெள்ளையால் படம் போடச் சொல்வேன். பக்கத்துப் பிள்ளையிடம் தாளை மாற்றிக்கொண்டு, நீல மை கரைத்த தண்ணீரைத் துணியால் பூசினால் படம் மேலே எழுந்து வரும். ஒரு மழைநாள் மத்தியானத்துக்கு இது போதும்.

கத்தரிக்கோல் ஆறு இருக்கிறது, எல்லாம் முனை மழுங்கியது. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பஞ்சமில்லை. பெரிய அட்டை ஒன்றில் ஆறு கத்தரிக்கோலையும் வைத்து ஸ்கெட்ச்சால் சுற்றி வரைந்து, அந்தந்த வடிவத்தின் மேல் ஓர் ஆணி. கத்தரிக்கோல் இல்லாத இடத்தில் அதன் கோடு மட்டும் தெரியும். 2022 ஜூனில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு வெட்டுவதும் ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் தினசரி வேலை ஆகிவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தரிக்கோல் கேட்பார்கள். இன்னும் பத்து வாங்கலாமே என்று தலைமையாசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறில் பயிற்சி நடத்தியவர். ஒவ்வொரு கருவியிலும் வகுப்புக்கு ஒன்றுதான் வைப்பது அவருடைய முறை, காத்திருக்கப் பழகுவதற்காக. எனக்கு ஒன்று போதாது. ஆனால் நால்வருக்கு ஒன்று என்கிற கணக்கு சரியாக இருக்கிறது. ஒருவர் வெட்டும்போது மற்றவர் தாளைப் பிடிக்கிறார்.

பசைக்கு டானிக் பாட்டில் மூடிகள். பெவிகால் டப்பாவை நடுவில் வைத்தால் முழங்கைவரை பூசிக்கொள்வார்கள். ஒரு மூடியில் புளியங்கொட்டை அளவு வைத்து, ஒரு குச்சியும் கொடுத்தால் அது நான்கு பேருக்குக் காணும். தீர்ந்துபோன நாளில் கருவேலம் பிசினை ஊற வைத்து ஒட்டியிருக்கிறோம். மத்தியானமாக இருந்தால் சத்துணவுச் சோற்றுப் பருக்கையே போதும்.

பீரோவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நிறையப் பள்ளிகளில் நல்ல பொருள்கள் எல்லாம் பீரோவுக்குள் உறை பிரிக்காமல் இருக்கின்றன. ஆணிமணிச்சட்டம், பின்ன வட்டுகள், மணிகள் எல்லாம் அங்கேதான். இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பொருள் குறைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்கிற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. எங்கள் தலைமையாசிரியர்தான், "எடும்மா வெளியே. ஒடஞ்சா ஒடஞ்சதுன்னு எழுதிக்கலாம். பிள்ளைக கை பட்டுத்தானே ஒடையணும்" என்றார். நாங்கள் வெளியே எடுத்தபோது கீழ்த்தட்டில் இருந்த அட்டைகளைக் கரையான் பாதி தின்றிருந்தது. யாருமே தொடாத அட்டைகள். எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது பீரோவில் இருப்பது பதிவேடுகள் மட்டும்தான். கோடை விடுமுறைக்கு முன் பொருள்களை எல்லாம் பிளாஸ்டிக் வாளிகளில் போட்டு, வேப்பிலை தூவி மூடி, பெஞ்சு மேல் ஏற்றிவிடுகிறோம்.

பொறுப்பு முறை பற்றிப் புதிய டீச்சர் குறிப்பாகக் கேட்டார். வாரம் இருவர், பதிவேட்டுப் பெயர் வரிசைப்படி. நன்றாகப் படிக்கிற பிள்ளை, பெரிய பிள்ளை என்று தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஜோடி சேர்த்துவிடுவேன். பொறுப்பில் இருப்பவர் காலிக் குழியைச் சொல்லலாம். யாருடையது என்று சொல்லக் கூடாது. "யாரு வைக்கல?" என்ற கேள்வியே எங்கள் வகுப்பில் கிடையாது. "எத்தனை குழி காலி?" என்பதுதான் உண்டு. தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் உபரியில் இருந்து ஒன்றை எடுத்துக் குழியை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போவோம். மாதத்தில் மூன்று, நான்கு பென்சில் அப்படிப் போகும். போகட்டும்.

நேற்று திங்கட்கிழமை. காலையில் வகுப்புக்குள் நுழைந்து ஜன்னல் பக்கம் போனேன். வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் பூட்டும்போது 24 குழியும் நிரம்பியிருந்தது. கட்டையின் ஓரத்தில், குழி இல்லாத இடத்தில், ஒரு புதுப் பென்சில் சாய்த்து வைத்திருந்தது. நாங்கள் வாங்குகிற சிவப்பும் கறுப்பும் போட்டது இல்லை. பூப்போட்டது, பெட்டிக்கடைப் பென்சில், இன்னும் சீவாதது. எனக்கு முன்னால் வந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர். யாரென்று நான் கேட்கவில்லை. இந்த வாரம் ஆசாரி ஊரில்தான் இருக்கிறார். கட்டையை எடுத்துப் போய் ஓரத்தில் இன்னொரு குழி போட்டு வரச் சொல்லியிருக்கிறேன், பத்து மில்லியில்.